மருத்துவமனை நூலகர்

மருத்துவமனை என்றவுடன் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோர் நம் நினைவிற்கு வருவர். பெரும்பாலும் நோயாளியின் கண்ணிற் படாதவராயினும், அவர்தம் உயிரைக் காப்பதில் பங்கு கொள்வார் இன்னும் ஒருவர் உளர். அவரே மருத்துவ நூலகர்.

செங்கத்திலிருந்து ஊத்தங்கரைக்குச் செல்லும் சாலையில் உள்ளது சிங்காரப்பேட்டை. அப்பக்கத்து வேலிகளிலும் புதர்களிலும் மழைக்காலத்தில் செங்காந்தள் படர்ந்து பூப்பதுண்டு. சங்கப் புலவர் மகளிர் விரலுக்கு உவமையாகக் கூறிய மலர் அது. நம் மாநில மலரும் அதுவே. ஆயினும், அதன் கிழங்கு கொடிய நஞ்சுடையது. உழவர் ஒருவர் அதனை வள்ளிக்கிழங்கு என மயங்கி அவித்து உண்டுவிட்டார் என்று கொள்வோம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் அவரை வாட்டுகின்றன. 2022-ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரியில் திறக்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரிக்கு உறவினர் அவரைக் கொண்டு செல்கின்றனர். “கண்வலிக் கிழங்கைத் தின்றுவிட்டார்” என்கின்றனர். அங்குள்ள இளம் மருத்துவர் இத்தகைய நோயாளியை முன்பு கண்டவரல்லர். முதலுதவி செய்துவிட்டு, நூலகத்திற்கு ஆள் விடுகிறார்.

இனி நூலகர்தம் பணி தொடங்குகிறது. கண்வலிக் கிழங்கு என்ற பெயரை மட்டும் வைத்துத் தேடினால் உலக மருத்துவ ஏடுகளில் ஒன்றும் அகப்படாது. அதற்குக் கலப்பைக் கிழங்கு என்றும் பெயருண்டு. தாவர நூலார் அதனைக் குளோரியோசா சூபர்பா என்பர். அதிலுள்ள நஞ்சின் பெயர் கொல்சிசின். இத்தனை பெயரும் ஒரு பொருளையே சுட்டுவன என்பதை அறிந்து, அவற்றையெல்லாம் தேடுபவரே நல்ல நூலகர். நிகண்டு கற்றோர்க்கு இத்தொழில் புதியதன்று. ஒரு பொருட்குப் பல பெயர் வழங்குவதை நம் முன்னோரும் தொகுத்து வைத்தனர் அன்றோ?

இவ்வாறு தேடுதற்கு வழி அமைத்தவருள் முதன்மையானவர் அமெரிக்கராகிய ஜான் ஷா பில்லிங்ஸ். அவர் மருத்துவ மாணவராய் இருந்தபொழுது வலிப்பு நோய்க்குச் செய்யும் அறுவை மருத்துவம் பற்றிக் கட்டுரை எழுத நேர்ந்தது. அதற்குரிய செய்திகளைத் திரட்ட அவர் ஊர் ஊராய் நூலகங்களைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. அந்த அலைச்சலை அவர் மறந்தாரல்லர். பின்னாளில் வாஷிங்டனில் படை மருத்துவத் தலைவர் நூலகத்தின் பொறுப்பை ஏற்றபொழுது, மருத்துவ இதழ்களில் வரும் கட்டுரைகளையெல்லாம் பொருள்வாரியாக அடைவு செய்யத் தொடங்கினார். 1879-இல் ‘இண்டெக்ஸ் மெடிகஸ்’ என்னும் அடைவு வெளிவந்தது. அந்நூலகமே இன்று அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகமாகத் திகழ்கிறது. 1996 முதல் பப்மெட் என்னும் பெயரால் கணினி வழியாகவும் அதன் அடைவைக் காணலாம்.

நம் நாட்டிலும் இவ்வுணர்வு இருந்தது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் தம் தன்வந்திரி மகாலில் நோயாளிகளின் நிலையையும் மருந்தையும் எழுதி வைக்கச் செய்தார். கண்நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், கண்ணின் ஓவியங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன.

சீர்காழியிற் பிறந்த நூலக மேதை அரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளுள் நான்காவது, படிப்போரின் காலத்தைக் காத்தல் பற்றியது. மருத்துவமனையிலோ அக்காலம் படிப்போருக்கு மட்டும் உரியதன்று.

கணினி வந்தபின் நூலகர் எதற்கு என்று சிலர் வினவுவர். 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்று இதற்கு விடை கூறும். ஈளை நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு உதவ முன்வந்த நலமுள்ள இளம்பெண் ஒருவர், ஆய்வாளர் தந்த ஹெக்ஸாமெத்தோனியம் என்னும் மருந்தை மூச்சுவழி உட்கொண்டார். நுரையீரல் கெட்டு உயிர்நீத்தார். ஆய்வாளர் முன்னரே பப்மெட்டில் தேடிப் பார்த்தவரே. ஆனால் அக்காலத்தில் பெரும்பாலும் 1966-க்குப் பிற்பட்ட கட்டுரைகளே அதில் இருந்தன. அம்மருந்தால் நுரையீரலுக்குக் கேடு வரும் என்னும் செய்தி 1950-களில் அச்சான இதழ்களில் இருந்தது. அடைவு எந்த ஆண்டில் தொடங்குகிறது, அதற்கு முந்தியவை எங்கே கிடைக்கும் என்பது நூலகருக்கு அரிச்சுவடி போன்றது. அவ்வரிச்சுவடி அன்று உதவாமற் போயிற்று. இத்தகைய ஆய்வுகளில் நூலகரின் துணை வேண்டும் என்ற குரல் அதன்பின் வலுப்பெற்றது.

அதற்கு முப்பது ஆண்டுகட்கு முன்னரே, 1971-இல், கான்சாஸ் நகரில் கெர்ட்ரூட் லாம்ப் என்னும் அம்மையார் நூலகரை நூலக அறைக்கு வெளியே அனுப்பினார். மருத்துவர் நோயாளிகளைப் பார்வையிடச் செல்லும்பொழுது நூலகரும் உடன் சென்றார். அங்கு எழும் ஐயங்களைக் குறித்துக்கொண்டு விடை தேடிக் கொணர்ந்தார்.

கிருஷ்ணகிரியில் நம் உழவருக்கு இப்பொழுது வாந்தி சற்று அடங்கியுள்ளது. வீட்டிற்கு அழைத்துச் செல்லலாமா என்று உறவினர் கேட்கின்றனர். அவ்வேளையில் நூலகர் தந்த தாள்கள் மருத்துவர் கைக்கு வருகின்றன. வாந்தி அடங்கினாலும் ஆபத்து நீங்கியதாகாது, சில நாள்களில் இரத்த அணுக்கள் குறையலாம், உள்ளுறுப்புகள் தளரலாம், பின்னர்த் தலைமயிர் உதிர்தலும் உண்டு என்கின்றன அவை. எந்த மருந்தைக் கொடுப்பது என்று நூலகர் கூறுவதில்லை. அது மருத்துவர்க்குரிய கடமை. நோயாளியின் பெயரையும் அவர் கேட்பதில்லை. மருத்துவர் தாள்களைப் படித்து முடித்து, “இன்னும் சில நாள் இங்கேயே இருக்கட்டும்” என்று உறவினரிடம் கூறுகிறார்.