ஹோமம் செய்தால் ஹெபடைடிஸ் பி தீருமா?

கேள்வி: என் கணவருக்கு நாள்பட்ட ஹெபடைடிஸ் பி. மாத்திரை சாப்பிடுகிறார். மிருத்யுஞ்சய ஹோமம் செய்தால் குணமாகும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகச் செய்யுங்கள், மனசுக்குத் தெம்பு கிடைக்கும். ஆனால், கல்லீரலில் இருக்கும் வைரஸை ஹோமம் ஒன்றும் செய்யாது. அதை அடக்கி வைப்பது டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள்தான். 'அதுதான் ஹோமம் பண்ணியாச்சே' என்று டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினால், வைரஸ் மறுபடி தலைதூக்கும். கல்லீரல் செயலிழக்கும் அளவுக்கும் போகலாம்.

புகை நுரையீரலுக்கு ஆகாது. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அவரைக் குண்டத்துக்குச் சற்றுத் தள்ளி உட்கார வையுங்கள். இந்த ஹோமத்தில் நெய்யில் தோய்த்து அக்னியில் இடும் சீந்தில் கொடி மிச்சமிருந்தால், கஷாயம் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

கடன் வாங்கி ஹோமம் வேண்டாம். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ், அரசு சிகிச்சை மையங்களில் இந்த நோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நீங்களும் பிள்ளைகளும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்று இல்லையென்றால் டாக்டரைக் கேட்டு உடனே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.