நிலக்கரிச் சுரங்கச் சிறுவரும் 1842-ஆம் ஆண்டுச் சட்டமும்

கூட்டுறவு அங்கத்தினர்களுக்கு ராக்டேல் என்னும் ஊரின் பெயர் புதியதன்று. நெசவாளர் முதலிய தொழிலாளர் சிலர் கூடி 1844-இல் அங்கே தமது கடையைத் திறந்தனர். அக்காலத்து இங்கிலாந்தில் உழைப்பாளர் குடும்பங்கள் இருந்த நிலையை அறிந்தாலன்றி அம்முயற்சியின் அருமை விளங்காது. நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்த சிறுவரின் வரலாறு அந்நிலையைத் தெளிவாகக் காட்டும்.

சுரங்கத்தினுள் காற்றோட்டத்தை ஒழுங்குபடுத்த மரக்கதவுகள் அமைத்திருந்தனர். கரிவண்டி வரும்போது கதவைத் திறந்து, அது சென்றவுடன் மூடுவது குழந்தைகளின் வேலை. ஐந்து, ஆறு வயதினர் கூட நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் இருளில் தனியே அமர்ந்து இவ்வேலையைச் செய்தனர். கதவு மூடப்படாவிடில் தீப்பற்றும் வாயு தேங்கி வெடித்தல் கூடும். சற்று வளர்ந்த சிறுவரும், சில பகுதிகளில் சிறுமியரும், இடுப்பில் வார் கட்டி, கால்களுக்கிடையே சங்கிலி மாட்டி, இரண்டடி உயரமே உள்ள வழிகளில் தவழ்ந்து வண்டியிழுத்தனர்.

1838-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி யார்க்‌ஷயரில் சில்க்ஸ்டோன் அருகே உள்ள சுரங்கமொன்றில் பெருமழையின்போது வெள்ளம் புகுந்தது. மேலே ஏற்றும் எந்திரம் நின்றுவிட்டதால், வேறு வழியாக வெளியேற முயன்ற 26 சிறுவர் சிறுமியர் மூழ்கி இறந்தனர்.

1840-இல் அரசாங்கம் விசாரணைக் கமிஷன் ஒன்றை அமைத்தது. அதன் அதிகாரிகள் சுரங்கங்களுக்குச் சென்று, குழந்தைகளிடமே வாக்குமூலம் பெற்றனர். 1842-இல் படங்களுடன் வெளிவந்த அறிக்கை நாட்டையே திடுக்கிடச் செய்தது. ஆஷ்லி பிரபு பார்லிமெண்டில் மசோதா கொணர்ந்தார். பதின்மூன்று வயதிற்குட்பட்ட சிறுவரை விலக்க வேண்டுமென்பது அவர் கருத்து. ஆனால் சுரங்க உரிமையாளரின் செல்வாக்கு மிகுந்த பிரபுக்கள் சபையில் அவ்வயது பத்தாகக் குறைக்கப்பட்டது. பெண்களும், பத்து வயதிற்குட்பட்ட சிறுவரும் சுரங்கத்தினுள் வேலை செய்தலை அவ்வாண்டுச் சட்டம் தடை செய்தது.

சட்டம் பிறந்தவுடன் தீமை ஒழிந்ததா? இல்லை. இதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, மேற்பார்வைக் குறைவு. நாடு முழுவதற்கும் ஒரே இன்ஸ்பெக்டர் நியமிக்கப்பட்டார். அவர் சுரங்கத்தினுள் இறங்கிச் சோதித்திலர்; மேலிருந்தே விசாரித்து அறிக்கை எழுதினார். உள்ளே இறங்கிப் பார்வையிடும் இன்ஸ்பெக்டர்கள் 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே வந்தனர். இருப்புப் புத்தகத்தை மட்டும் பார்த்துக் கிடங்கைத் திறவாது செல்லும் தணிக்கையால் சங்கத்திற்கு என்ன பயன்? கூட்டுறவு இன்ஸ்பெக்டராகிய எனக்கு இச்செய்தி நன்கு உறைக்கிறது.

இரண்டாவது, பொறுப்பு மறைந்திருந்தது. பல இடங்களில் கரி வெட்டுபவனே தனக்கு வண்டியிழுக்கும் சிறுவனை அமர்த்திக் கூலி கொடுத்தான். ஆகவே, “அவர்கள் எம் ஆட்கள் அல்லர்” என்று உரிமையாளர் கைகழுவ இடமிருந்தது.

மூன்றாவது, வறுமை. குழந்தையின் சில பென்ஸ் கூலியும் குடும்பத்திற்கு வேண்டியிருந்தது. வேலையிழந்த பெண்களுக்கு வேறு பிழைப்பைச் சட்டம் காட்டவில்லை. பெற்றோரைக் கொடியவர் என்று பழித்தல் எளிது; அவர்தம் அடுப்பைப் பார்த்தல் அரிது.

1860-ஆம் ஆண்டுச் சட்டம், எழுதப் படிக்கத் தெரியாமலும் பள்ளி செல்லாமலும் இருந்த பன்னிரண்டு வயதிற்குட்பட்ட சிறுவரைச் சுரங்கத்திலிருந்து விலக்கிற்று. 1880-இல் பத்து வயது வரை பள்ளிக்கல்வி கட்டாயமாயிற்று. ராக்டேல் முன்னோடிகளும் 1850-களில் தமது உபரியில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கினர். கலப்படமற்ற பண்டமும், காலாண்டுதோறும் பங்கீடும், படிப்பகமும் ஓரிடத்தில் கிடைத்தமையால் உழைப்பாளரின் சிறு வருவாய் வலுப்பெற்றது.

சட்டம், நேரில் காணும் மேற்பார்வை, பெற்றோரின் போதிய வருவாய், பள்ளி ஆகிய நான்கும் ஒருங்கு சேர்ந்தபோதுதான் குழந்தையின் தோளிலிருந்து சுமை இறங்கியது. முதல் இரண்டும் அரசாங்கத்தின் கடமை. பின்னிரண்டில் சங்கத்திற்கும் பங்கு உண்டு. பள்ளி நேரத்தில் தார் சுற்றும் குழந்தையையோ களை பறிக்கும் குழந்தையையோ காணும் அங்கத்தினர், அவ்வீட்டின் கூலிக் கணக்கையும் கடன் கணக்கையும் சங்கக் கூட்டத்தில் ஆராய்வாராக.

கூட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்:
1. 1842-ஆம் ஆண்டுச் சட்டம் முழுப் பயன் தராமைக்குக் காரணங்கள் யாவை?
2. நம் சங்கத்தின் கல்வி நிதி யாருக்குப் பயன்படுகிறது?