தபாற் சேவையும் வணிக நிறுவனங்களும்



"வணிக நிறுவனங்கள் தபாற் திணைக்களத்துடன் எவ்வாறு இணைந்து செயற்படுகின்றன?" என்ற வினாவுக்குச் சிலர் "பங்குடைமை அமைத்து" என எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். பங்குடைமையில் பங்காளர்கள் இலாப நோக்குடன் பொதுவில் வணிகம் நடத்துவர். இலாப நட்டத்தைப் பங்கிடுவர். தபாற் திணைக்களமோ அரச திணைக்களம். அது மற்றவரின் இலாப நட்டத்தில் பங்கேற்பதில்லை. செய்த சேவைக்குக் கட்டணம் அல்லது தரகு பெறுகின்றது. எனவே இது முகவர் தொடர்பு அல்லது சேவை ஒப்பந்தம் ஆகும்.

முக்கிய வடிவங்கள்

1. சேமிப்பு: இலங்கையில் தபாலகச் சேமிப்பு வங்கி 1885இல் தொடங்கியது. 1971ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அது தேசிய சேமிப்பு வங்கியுடன் இணைக்கப்பட்டது. இன்றும் அவ்வங்கியின் முகவராகத் தபாலகங்கள் வைப்புப் பெறுகின்றன. வங்கிக்குக் கிளை அமைக்கும் செலவு மிச்சம், தபாலகத்துக்கு வருமானம், கிராமத்தவருக்கு நகரம் செல்லும் அலைச்சல் இல்லை.

2. கட்டணம் அறவிடல்: தொலைபேசி போன்றவற்றின் பட்டியற் பணத்தைத் தபாலகம் பெற்றுப் பற்றுச்சீட்டு வழங்கும்.

3. போக்குவரத்து: தபாற் பைகளைப் புகையிரதம் கொண்டு செல்லும். எங்கள் பெரியவர்கள் "மெயில் வண்டி" என்றது இதனாலேயே. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதச் சேவை 2014 ஒக்ரோபரிலேயே மீண்டும் யாழ் நகரை அடைந்தது. பாதை தடைப்பட்டால் தபாலும் வணிகமும் சேர்ந்தே தடைப்படும் என்பதற்குக் குடாநாடே சான்று.

4. பொருளைக் கையளித்துப் பணம் பெறல்: விற்பவர் பொதியைத் தபாலில் ஒப்படைப்பார். வாங்குபவர் பணம் செலுத்திய பின்பே பொதி கையளிக்கப்படும். பின்னர் பணம் விற்பவரைச் சேரும். முன்பின் அறியாத இருவருக்கிடையே நம்பிக்கைக்குரிய மூன்றாந் தரப்பாகத் தபால் நிற்கின்றது.

உதாரணம்

சுன்னாகத்தில் ஒடியல் மா, பனங்கட்டி தயாரிக்கும் ஒருவர் காலிக்கு 10 பொதிகள் அனுப்புகின்றார் எனக் கொள்வோம். ஒரு பொதியின் விற்பனை விலை ரூபா 1500, பொருட் கிரயம் ரூபா 1000, விற்பவர் ஏற்கும் தபாற் செலவு ரூபா 200. 2 பொதிகள் ஏற்கப்படாது நல்ல நிலையில் திரும்பின. திரும்பியதற்கு மேலதிகக் கட்டணம் இல்லை.

8 பொதிகளின் இலாபம்: 8 × (1500 – 1000 – 200) = ரூபா 2400
திரும்பிய பொதிகளின் தபாற் செலவு: 2 × 200 = ரூபா 400
தேறிய இலாபம் = ரூபா 2000

கவனிக்க: திரும்பிய பொதிகளின் செலவை விற்பவரே சுமந்தார், தபாற் திணைக்களம் சுமக்கவில்லை. முகவருக்கும் பங்காளருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. தபாற் செலவை விநியோகச் செலவாகப் பதிக.

பயிற்சி வினாக்கள்

1. தபாற் திணைக்களம் தேசிய சேமிப்பு வங்கியின் பங்காளர் அல்ல. காரணம் தருக.
2. மேற்படி உதாரணத்தில் 4 பொதிகள் திரும்பின் தேறிய இலாபம் யாது? (விடை: ரூபா 1000)
3. உமது ஊர்த் தபாலகத்துக்குச் சென்று, அங்கு பிற நிறுவனங்களுக்காகச் செய்யப்படும் 2 சேவைகளைக் கேட்டறிந்து எழுதுக.

மூன்றாவது வினாவைத் தவிர்க்க வேண்டாம். நேரிற் கண்டது பரீட்சை மண்டபத்தில் மறக்காது.