அது, எது, வாட்

2025-இல் கைபேசி வைத்திருந்த தமிழர் பலரின் காதிலும் விழுந்த ஊர்ப்பெயர் கூமாப்பட்டி. எங்கள் பக்கத்து இளைஞர் ஒருவர் "ஏங்க" என்று கூப்பிட்டு ஊருக்கு வரச் சொன்ன காணொளி அவ்வளவு தூரம் பரவியது. அந்த 'ஏங்க' ஒரு வினாச்சொல். 'ஏன்' என்பதோடு மரியாதைக்கு 'ங்க' சேர்ந்திருக்கிறது. ஆனால் அது எந்தக் காரணத்தையும் கேட்கவில்லை, ஆளைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது. வீடுகளில் 'என்னங்க' செய்வதும் இதே வேலைதான்.

எங்கள் மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கும், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கும் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். 'வாட்' பாடத்தை நான் இந்த 'ஏங்க'வில்தான் தொடங்குவேன். ஆங்கிலத்தின் மிகப் பழைய காவியங்களில் ஒன்றான 'பேவுல்ஃப்' தொடங்குவதே 'வாட்' என்பதன் பழைய வடிவத்தோடுதான். அன்றைய உச்சரிப்பு ஏறக்குறைய 'ஹ்வாட்'. கூடியிருப்பவர்களைக் கவனிக்கச் சொல்லும் அழைப்பு அது என்றே நெடுங்காலம் பொருள் கொண்டார்கள். 1999-இல் அதை மொழிபெயர்த்த அயர்லாந்துக் கவிஞர் ஷேமஸ் ஹீனி அந்த இடத்தில் 'ஸோ' என்று போட்டார். 2013-இல் ஜார்ஜ் வாக்டன் என்ற மொழியியலாளர், அது தனி அழைப்பல்ல, முழு வாக்கியத்தையும் வியப்பாக்கும் சொல் என்று வாதிட்டார். 'என்ன அழகு!' என்பதில் வரும் 'என்ன' போல. இரண்டில் எது சரியானாலும் எனக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது: வினாச்சொல் என்றால் கேள்வி மட்டும் கேட்கும் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு முதல் நாளே போய்விடும்.

'வாட்' என்பதை எழுதும்போது இடையில் வரும் 'எச்' எதற்கு என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். மனப்பாடம் செய் என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது, கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டும். பழைய ஆங்கிலத்தில் 'எச்' முன்னாலும் 'டபிள்யூ' பின்னாலும் இருந்தன, இரண்டையும் உச்சரித்தார்கள். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் வந்த எழுத்தர்கள் காலப்போக்கில் வரிசையை மாற்றி எழுதினார்கள். பிறகு பெரும்பாலான இடங்களில் 'எச்' ஒலி தேய்ந்துபோனது. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் அந்தக் காற்றொலி இன்றும் பலர் பேச்சில் கேட்கிறது. 'ஹூ' என்ற சொல்லில் மட்டும் நேர்மாறாக 'டபிள்யூ' ஒலி மறைந்து 'எச்' தங்கியது. இந்தக் கதையைக் கேட்ட பிள்ளை எழுத்துப்பிழை விடுவது குறைகிறது, இது நான் கண்கூடாகப் பார்ப்பது.

அடுத்து எங்கள் ஊர்ப் பேச்சு கைகொடுக்கும் இடம். மதுரைக்குத் தெற்கே நாங்கள் இங்கிட்டு, அங்கிட்டு, எங்கிட்டு என்போம். இ அருகே, அ தொலைவு, எ கேள்வி. இதே ஒழுங்கு ஆங்கிலத்தில் இருக்கிறது: ஹியர், தேர், வேர். பழைய நூல்களில் வரும் ஹிதர், திதர், விதர் அப்படியே நம் இங்கிட்டு, அங்கிட்டு, எங்கிட்டு. ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ் என்பவை இங்கேயிருந்து, அங்கேயிருந்து, எங்கேயிருந்து. தென் என்றால் அப்போது, வென் என்றால் எப்போது. தட், வாட் என்பவை அது, எது. கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு, முதலில் தமிழை நிரப்பச் சொல்லி, பிறகு ஆங்கிலத்தை எழுதச் சொன்னால் பாதிச் சொற்களைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

இன்னும் ஒன்று என்னை இப்போதும் நெகிழ வைக்கும். தட், வாட், இட் மூன்றின் கடைசியிலும் நிற்கிற 'ட்' பழைய காலத்து அஃறிணை ஒருமை விகுதி. நம் அது, இது, எது மூன்றிலும் உள்ள 'து'வும் அதே வேலையைத்தான் செய்கிறது. வாட் அஃறிணைக்கு, ஹூ உயர்திணைக்கு. நமக்கு எது, யார். இதை வைத்து இரண்டு மொழிகளும் ஒரே குடும்பம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 'வாட்'டின் உறவுக்காரர்கள் லத்தீனின் 'க்விட்', சமஸ்கிருதத்தின் 'கிம்', இந்தியின் 'க்யா'. இவற்றுக்குப் பொதுவான மூலமொழியின் 'க்' ஒலி, ஆங்கிலம் சேர்ந்த ஜெர்மானியக் கிளையில் 'ஹ்' ஆனதால் ஜாடை மாறிவிட்டது. தமிழ் வேறு குடும்பம். ஆனாலும் தமிழ் இலக்கணம் படித்த பிள்ளைக்கு இந்தக் கதவு ஏற்கெனவே திறந்தே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் ஆங்கிலம் கற்பிப்பது அநியாயம்.

சிரமம் வாக்கிய அமைப்பில்தான். தமிழில் வினாச்சொல் விடை வரும் இடத்திலேயே உட்காரும்: உனக்குப் பால்கோவா வேணும், உனக்கு என்ன வேணும். ஆங்கிலத்தில் அது முன்னால் ஓட வேண்டும், பின்னால் 'டூ' வேறு வர வேண்டும். 'வாட் யூ வான்ட்' என்று பிள்ளைகள் சொல்வது இதனால்தான். இந்த 'டூ' ஷேக்ஸ்பியர் காலத்தில்கூடக் கட்டாயமாகவில்லை. 'வாட் சே யூ' என்ற பழைய அமைப்பு அந்தக் காலத்து மிச்சம். நான் சொல்லும் வழி: முதலில் விடையை முழு வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுது, விடைச்சொல்லை அடித்துவிட்டு அங்கே 'வாட்' போடு, பிறகு அதை முன்னுக்குக் கொண்டு வா, கடைசியாக 'டூ'வை நுழை. வாயால் சொல்லிப் பார்ப்பதைவிடக் காகிதத்தில் அடித்து எழுதும்போதுதான் பிடிபடுகிறது.

கேள்வியே இல்லாத 'வாட்' இதைவிட முக்கியம், பாடப்புத்தகத்தை முடித்தவர்கள்கூட இதில்தான் தடுமாறுகிறார்கள். 'நீ சொன்னது சரி' என்பதை எப்படிச் சொல்வது? 'வாட் யூ செட் இஸ் ரைட்.' நான் பார்த்தது, அவள் கேட்டது, அம்மா சமைச்சது என்று வினையின் வாலில் 'அது' தொங்குகிற இடமெல்லாம் 'வாட்' முன்னால் வரப் பார்க்கும். இங்கே 'டூ' கிடையாது, சொல் வரிசையும் புரளாது. ஒரு வாரம் வீட்டில் பேசுகிற பேச்சில் இந்த 'அது'க்களைப் பொறுக்கி எழுதி வரச் சொல்வேன். நேர்முகத் தேர்வில் 'வாட் ஐ லைக்', 'வாட் ஐ லேர்ன்ட்' என்று தொடங்கத் தெரிந்தவருக்குப் பேச்சு தடையில்லாமல் வருகிறது.

தொனியையும் கவனிக்க வேண்டும். எதிரே இருப்பவர் சொன்னது காதில் விழாவிட்டால் வெறும் 'வாட்?' வேண்டாம், பெரியவர் முன்னால் 'என்னா?' என்பது போல முரடாக ஒலிக்கும். 'சாரி?' அல்லது 'பார்டன்?' போதும். 'வொய்' அதைவிடக் கூர்மை. பழைய 'ஹ்வாட்'டின் வேற்றுமை வடிவங்களில் ஒன்றுதான் அது, 'எதனால்' என்று பொருள். நம் ஊரில் வெளியே கிளம்பியவரை 'எங்க போறீங்க' என்று கேட்காமல் 'தூரமா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழக்கம் தெரிந்தவர்களுக்கு எந்தக் கேள்வியை மென்மையாக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் நேரான சொல் இல்லாத நம் வினா ஒன்று உண்டு: எத்தனையாவது. 'நீங்க வீட்டுக்கு எத்தனையாவது பிள்ளை?' என்று கேட்க 'வாட்'டும் உதவாது, 'ஹவ் மெனி'யும் தனியாக நிற்காது. 'ஹவ் மெனி சில்ட்ரன் கேம் பிஃபோர் யூ?' என்று கேட்டு, வரும் எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறேன். மூத்த பிள்ளைகள் 'நன்' என்பார்கள்.