மாற்றி எண்ணும் மனம்

சிவப்பும் நீலமுமாக முயலும் படகும் வரைந்த அட்டைகளை மூன்று வயதுக் குழந்தையிடம் கொடுத்து, "நிறம் பார்த்துப் பிரி" என்றால், செவ்வனே பிரிக்கும். பின்னர், "இனி உருவம் பார்த்துப் பிரி" என்றால், பெரும்பாலும் நிறத்தையே பற்றி நிற்கும். வியப்பு யாதெனின், புதிய விதி எதுவென வினவினால் சரியாகவே விடை கூறும். கை மட்டும் பழைய வழியிற் செல்லும். ஐந்து வயதளவில் பெரும்பாலோர் இத்தடையைக் கடந்துவிடுவர். 1990களில் கனடாவில் பிலிப் டேவிட் ஜெலாசோ முதலிய உளநூலறிஞர் ஆய்ந்து விளக்கிய உண்மை இது.

ஆகவே, சொன்னதை உடனே மாற்றிச் செய்யாத குழந்தையைப் பிடிவாதமுடையதென்றோ மந்தமென்றோ முடிவு கட்டுதல் தவறு. அவ்வாற்றல் அதனிடம் வளர்ந்துகொண்டிருக்கிறது. இளமையிற் சூட்டும் பெயரைக் குழந்தை நம்பிவிடும். பிறர் சூட்டிய பெயர்களால் தலைமுறை தலைமுறையாகத் துன்புற்ற நாமே நம் மக்களுக்கு அதனைச் செய்யலாமா?

இவ்வாற்றலை வளர்க்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தையற்கூடங்கள் மலிந்த தாராவியில் பொத்தான்களுக்குப் பஞ்சமில்லை. முதலில் நிறத்தாலும், அடுத்து அளவாலும், பின் துளைகளின் எண்ணிக்கையாலும் பிரிக்கச் செய்க. தவறினால் கடியாது, "சற்று நில், முன்பு எதைப் பார்த்தோம்? இப்போது எதைப் பார்க்கிறோம்?" என்று கேட்க. இவ்வாறு நின்று எண்ணப் பழக்கினால் குழந்தைகள் முன்னேறுவதை 2013இல் வெளிவந்த ஆய்வொன்றும் காட்டிற்று.

மாதுங்கா, செம்பூர் வாழ் நம் குழந்தைகளிடம் மற்றொரு செல்வமும் உண்டு. வீட்டில் 'இலை', தெருவில் இந்தியில் 'பத்தா', மராத்தியில் 'பான்'. அதே 'பான்' இந்தியில் வெற்றிலையாகிறது! இதனைக் குழப்பமென்று தடுக்காமல், "வேறு எப்படிச் சொல்லலாம்?" என்று வகுப்பிற் கேட்டால், ஒரு பொருளுக்குப் பல பெயர் உண்டென்பதும், ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டென்பதும் விளையாட்டாகவே விளங்கும்.

மாற்றி எண்ணுங் குணம் ஆசிரியர்க்கே முதலில் வேண்டும். மும்பைக்கு வடக்கே போர்டி என்னும் ஊரில், 1945இல் தாராபாய் மோடக் அம்மையார் அனுதாய் வாக் அம்மையாருடன் ஏழைக் குழந்தைகளுக்கெனப் பால்வாடிப் பணியைத் தொடங்கினார். குழந்தைகள் பள்ளிக்கு வராதபோது, பள்ளியையே அவர்தம் குடியிருப்பின் முற்றத்திற்குக் கொண்டுசென்றார். குழந்தைகளைக் குறை கூறாது, தம் வழியை மாற்றிக்கொண்டார்.

பெற்றோரே, இன்று மாலை உங்கள் குழந்தை தவறாக விடை கூறினால், "தப்பு" என்னுமுன், "ஏன் அப்படி நினைத்தாய்?" என்று ஒருமுறை கேளுங்கள்.