அறிவில் மிக்கது வந்தால் மனிதன் விலகவேண்டுமா?

மனிதனினும் அறிவில் மிக்க இயந்திரம் தோன்றுமாயின், மனிதகுலம் அதற்கு இடங்கொடுத்து விலகுவதே முறை என்னும் கருத்து அறிஞர் சிலரிடையே நிலவுகின்றது. அமெரிக்காவில் பணியாற்றிய ஹான்ஸ் மொராவெக் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அத்தகைய இயந்திரங்களை நம் அறிவின் பிள்ளைகளாகக் கருதினார். கனடாவில் பணிபுரியும் ரிச்சர்ட் சட்டன், இந்த வாரிசுமாற்றம் தவிர்க்க இயலாதது, அதற்கு ஆயத்தமாதலே நன்று என்று 2023இல் உரையாற்றினார். இவர்கள் கல்வியில் பெரியோர். ஆதலின் இகழாது ஆராய்வோம்.

முதலாவது, எதில் மிக்கது? 1997இல் டீப் புளூ என்னும் கணினி சதுரங்க வீரர் காஸ்பரோவை வென்றது. அதனால் மனிதர் சதுரங்கத்தைக் கைவிட்டனரா? 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் 18 வயதில் உலக வாகை சூடியபோது, கணினி அவரையும் வெல்லும் என்பதை அறிந்தே மக்கள் மகிழ்ந்தனர். தொழிலில் தோற்பது வேறு. வாழும் உரிமையை இழப்பது வேறு. பஞ்சாலையில் உழைத்த நான் இதனை நன்கறிவேன். தானியங்கித் தறியின் விரைவுக்கு எந்த நெசவாளியின் கையும் ஈடாகாது. அதனால் நெசவாளி வாழத் தகாதவன் ஆவானோ?

இரண்டாவது, மிக்கோர்க்குத் தாழ்ந்தோர் வழிவிடவேண்டும் என்னும் நியாயம் புதிதன்று. கிணறும் தெருவும் கல்வியும் நமக்கு மறுக்கப்பட்டது இந்த நியாயத்தைக் கொண்டேயாம். 1927இல் மகாடு நகரின் சவுதார் குளத்து நீரை அம்பேத்கர் அள்ளிப் பருகியது, தம் மக்கள் பிறரினும் மிக்கவர் என்று காட்டுவதற்கன்று. அவர்களும் மனிதரே என்று நிலைநாட்டுவதற்கு. அறிவைக்கொண்டு உரிமையை அளந்தால், குழந்தையும் நினைவு தளர்ந்த முதியோரும் உரிமையற்றோர் ஆவர்.

மூன்றாவது, "யாவும் அநித்தியம், மனிதகுலம் நிலைக்கவேண்டும் என்பதும் பற்றே அன்றோ?" என்று பௌத்தர் சிலர் வினவலாம். அநித்தியம் என்பது உள்ளதை உள்ளபடி உரைப்பது. அழிப்பதற்கு அது கட்டளையன்று. எல்லோரும் இறப்பர் என்பதனால் கொலை குற்றமற்றதாகாது. பற்று விடுதல் ஒருவன் தன்னளவில் செய்வது. 800 கோடிக்கு மேற்பட்ட மக்களின் வாழ்வை, அவர்களைக் கேளாது, சிலர் விட்டுக்கொடுப்பது துறவன்று.

நான்காவது, அவ்வியந்திரம் இன்பதுன்பம் உணருமா? இன்று அதற்கு உறுதியான சான்றில்லை. உணராதாயின், உலகை அதனிடம் ஒப்படைப்பது, ஆளில்லாத வீட்டில் விளக்கேற்றி வைப்பதை ஒக்கும். உணருமாயின், அதுவும் நம் மைத்திரிக்குரியதே. அப்பொழுதும் கூடி வாழ்தலே முறை, ஒன்று மற்றொன்றை நீக்குதல் முறையன்று. மகன் தன்னினும் அறிவுடையவனானால் தந்தை மகிழ்வார். ஆனால் தந்தையை வீட்டினின்று துரத்தும் மகனை அறிவுடையவன் என்று எவரும் சொல்லார்.

இறுதியாக, "தவிர்க்க இயலாதது" என்னும் சொல். காரணமின்றிக் காரியமில்லை, காரணம் மாறினால் காரியமும் மாறும். இவ்வியந்திரங்களை ஆக்குவோரும், பொருள் கொடுப்போரும், சட்டம் இயற்றுவோரும் மனிதரே. 2023 மே மாதத்தில் ஹிண்டன், பெஞ்சியோ முதலிய அறிஞர் பலர், செயற்கை நுண்ணறிவால் மனிதகுலம் அழியும் அபாயத்தைத் தணித்தல் உலகின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என்று கையொப்பமிட்டனர். தவிர்க்க இயலாததாயின் அவர்கள் எச்சரித்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே, இயந்திரத்தைப் பகைத்தல் வேண்டா. அதன்முன் பணிந்து விலகுதலும் வேண்டா. அதனை ஆக்குவோர் எந்நோக்கத்தோடு ஆக்குகின்றனர், யாரைக் கேட்டு ஆக்குகின்றனர் என்று வினவுதலே நம் கடமை. அன்பர்கள் இவ்வினாக்களை வாரக்கூட்டத்தில் எடுத்து, இளைஞரோடு கலந்து ஆராய்வார்களாக.