கறுப்பு வவ்வாலின் வாயில் ஓர் உயிர்: மகாராஜபுரத்து இளம் ஆய்வாளருக்கு

கறுப்பு வவ்வால் மீன் சிலவற்றின் வாயைத் திறந்தால், நாக்கின்மேல் வெளிறிய கணுவுடல் ஒன்று ஏழு இணைக் கொக்கிக் கால்களால் பற்றிக் கிடக்கும். சைமோதோவா எரெமிட்டா என்பது அதன் பெயர். இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. மகாராஜபுரத்திலிருந்து வந்த கட்டுரை இதை ‘மீன் பேன்’ என்கிறது. அடுத்த பக்கத்தில் காலிகஸும் மீன் பேன், ஆர்குலஸும் மீன் பேன். பேன் பூச்சியினம். இவை மூன்றும் பூச்சியல்ல. தமக்குள்ளும் நெருங்கிய சொந்தமில்லை. ஆய்வுக் கட்டுரையில் இந்தச் சொல் இருக்கவே கூடாது.

சைமோதோவா ஐசோபோடா வரிசை. காலிகஸ் கோப்பிபோடா, பெண்ணின் பின்புறம் இரண்டு முட்டைச் சரங்கள் தொங்கும். பெரும்பாலும் நன்னீர் மீன்களில் ஒட்டும் ஆர்குலஸ் பிராங்கியூரா. முட்டைகளைச் சுமக்காமல் கல்லிலும் செடியிலும் ஒட்டிவிடும். தோற்றத்தை நம்பிப் பெயரிடுவது பழைய தவறு. மீனின் சதைக்குள் தலையைப் புதைத்து உருக்குலைந்து வாழும் லெர்னியாவை 1758இல் லின்னேயஸே புழுக்களோடு சேர்த்தார். அது கோப்பிபோடா என்பதைக் காட்டிக்கொடுத்தவை நாப்பிளியஸ் எனப்படும், நீந்தித் திரியும் அதன் இளம் பருவங்கள்.

சைமோதோவாவுக்கு அப்படி நாப்பிளியஸ் பருவம் இல்லை. தாயின் மார்புப் பையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்குக் கால் ஆறு இணைதான். ஏழாவது பின்னர் முளைக்கும். நீந்தி மீனைப் பிடித்ததும் முதலில் ஆணாகும், அதுவே பிறகு பெண்ணாகும். கட்டுரையின் மூன்றாம் படத்தில் குஞ்சுக்கு ஆறு இணைக் கால்களே உள்ளன. பழக்கத்தில் ஏழு வரைந்துவிடாத அந்தக் கை அபூர்வமானது. அந்த ஒரு படத்துக்காகவே கட்டுரையைப் பாதுகாக்கலாம்.

ஆனால் ஒட்டுண்ணி மீனின் எந்த இடத்தில் இருந்தது என்ற குறிப்பு எங்குமே இல்லை. நாக்கா, செவுளறையா, தோலா என்பது இனங்காணலில் பாதி. மீன் செத்தபின் ஒட்டுண்ணி பிடிவிட்டுப் பக்கத்து மீனுக்கு நகரும். ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தைக்கு ஐஸ் பெட்டியில் வரும் மீன்களிடையே உதிர்ந்து கிடப்பதை எந்த மீனின் கணக்கிலும் எழுத முடியாது. இதை எழுதுபவர் மாணவப் பருவத்தில் மீன்களைக் கழுவிவிட்டுத்தான் செவுள் திறந்தார். ஒரு பருவம் முழுதும் சேர்த்த புட்டிகள் வீணாயின; அந்த வருத்தம் இன்றும் போகவில்லை.

கோப்பிபோடாவுக்கு ந. கிருஷ்ண பிள்ளை எழுதி 1985இல் இந்திய விலங்கியல் அளவைத் துறை வெளியிட்ட பெருநூலோடு ஒவ்வொரு காலின் அமைப்பையும் ஒப்பிட வேண்டும். மீனின் பெயர், ஒட்டியிருந்த இடம், பிடித்த கடல், தேதி நான்கையும் பென்சிலால் எழுதிய சீட்டு, புட்டிக்கு உள்ளேயே இருக்க வேண்டும். வெளியே ஒட்டினால் ஸ்பிரிட் பட்டு மை அழிந்துவிடும்.